தாடை வளரும் வயது

(வெள்ளவத்தையில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பல்லைப் பற்றிக் கேட்கத்தான் உங்களில் பலர் வந்திருப்பீர்கள். நான் பேச வந்தது பல் முளைத்து நிற்கிற எலும்பைப் பற்றி. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகளின் வாயைப் பார்த்து வருகிற பல்சீரமைப்பு வைத்தியருக்கு ஒரு கவலை உண்டு. அதை இன்று உங்கள் முன் வைக்கிறேன். கோணிய பல்லை எந்த வயதிலும் கம்பி போட்டு நேராக்கலாம். 40 வயதிலும் செய்கிறோம். தாடையின் வளர்ச்சி அப்படி நமக்காகக் காத்திருப்பதில்லை. அதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது. நம் வீடுகளில் அந்தப் பருவம் பெரும்பாலும் யாருக்கும் தெரியாமலே வந்து, தெரியாமலே போய்விடுகிறது.

“பல்லெல்லாம் விழுந்து முளைச்சு முடியட்டும், பிறகு கம்பி போடுவம் எண்டு விட்டிட்டம் டொக்டர்.” இதைச் சொல்லாத தாயைக் காண்பது அரிது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பல்லை மட்டும் நினைத்தால் அது சரியான கணக்குத்தான். ஆனால் 15 வயதில் அந்தப் பிள்ளையைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் நாடி உள்ளே போயிருக்கிறது, சொண்டு இரண்டையும் பொருத்தி வாய் மூடப் பிள்ளை சிரமப்படுகிறது. மேற்பல் மிதந்திருக்கிறது என்று கூட்டி வந்தார்கள். அளந்து பார்த்தால் மேற்பல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. கீழ்த்தாடை பின்தங்கிவிட்டது.

முகம் எப்படி வளர்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கைக்குழந்தையின் தலையை நினைத்துப் பாருங்கள். நெற்றியும் மண்டையும்தான் தெரியும். நாடி இருக்கிற இடம் தெரியாது. மூளை முந்தி வளர்கிற உறுப்பு. ஐந்து ஆறு வயதுக்குள் அது வளர்ந்தவரின் மூளையில் ஏறத்தாழ 90 வீதத்தை எட்டிவிடுகிறது. மண்டையோடும் அதனோடு கூடவே விரிகிறது. முகம் பிந்தித்தான் வருகிறது. அதிலும் மேல்தாடை ஒரு கணக்கில் வளர, கீழ்த்தாடை இன்னொரு கணக்கில் வளர்கிறது. மேல்தாடை மண்டையோட்டின் அடியில் ஒட்டியிருப்பதால் ஓரளவுக்கு மண்டையின் போக்கில் போகிறது. கீழ்த்தாடை உடம்பின் உயரத்தோடு போகிறது. பிள்ளை திடீரென்று உயருகிற அந்த ஓரிரு வருடங்களில்தான் கீழ்த்தாடையும் வேகமெடுக்கிறது. அதன் பிறகும், மேல்தாடை ஏறக்குறைய நின்றுவிட்ட வயதிலும், அது கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது. பெண்பிள்ளைகளில் 16, 17 வரை, ஆண்பிள்ளைகளில் 19, 20 வரை.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். இப்போதே செய்து பாருங்கள். விரலுக்கடியில் ஓர் எலும்பு முனை உருளுகிறதல்லவா? கீழ்த்தாடையின் மூட்டுத் தலை அது. பிள்ளைகளில் அந்தத் தலையின் மேல் குருத்தெலும்புப் படை ஒன்று உண்டு. அங்கே எலும்பு மேலும் பின்னுமாக வளர்கிறது. மேலே மண்டையோடு தடுத்து நிற்பதால் தாடை முழுவதும் கீழும் முன்னுமாக நகர்கிறது. முகத்தின் முன்னால் நாம் பார்க்கிற நாடி, காதடியில் நடக்கிற வளர்ச்சியால் முன்னே வருகிறது. எலும்பு தானே தள்ளிக்கொண்டு போகிறதா, அல்லது தசையும் தோலும் சுவாசப் பாதையும் விரிகிறபோது உண்டாகும் இடத்தை எலும்பு நிரப்புகிறதா என்பது அமெரிக்கப் பேராசிரியர் மெல்வின் மொஸ் 1960களில் கிளப்பிய விவாதம். இரண்டுக்கும் பங்குண்டு என்ற இடத்தில்தான் இன்று பெரும்பாலோர் நிற்கிறோம்.

கடைவாய்ப் பற்களுக்கு எங்கிருந்து இடம் வருகிறது என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் சத்திரசிகிச்சை வைத்தியர் ஜோன் ஹன்டர் கண்டுவிட்டார். கீழ்த்தாடையில் காதை நோக்கி ஏறுகிற தண்டு இருக்கிறதே, அதன் முன்விளிம்பு கரைகிறது, பின்விளிம்பில் புது எலும்பு படிகிறது. தண்டு முழுவதுமாகப் பின்னோக்கி நகர, முன்னால் பல்வரிசைக்கு இடம் பிறக்கிறது. 6 வயதுக் கடைவாய்ப்பல், 12 வயதுக் கடைவாய்ப்பல், பிறகு ஞானப்பல் எல்லாம் இப்படிப் பிறந்த இடத்தில்தான் முளைக்கின்றன. தாடை போதிய அளவு நீளாதவருக்கு ஞானப்பல் உள்ளே சிக்கிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொருவரைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1950களில் கொப்பன்ஹேகனில் ஆர்னே பியோர்க் என்ற பேராசிரியர் பிள்ளைகளின் தாடை எலும்பில் மிகச் சிறிய உலோக ஊசிகளைப் பதித்து, வருடா வருடம் எக்ஸ்றே எடுத்துப் பார்த்தார். எலும்பின் மேற்பரப்பு மாறினாலும் ஊசி நகராது; ஆகவே எது வளர்ந்தது, எது கரைந்தது, எது திரும்பியது என்று முதன்முதலாகச் சரியாக அளக்க முடிந்தது. தாடை நேர்கோட்டில் நீள்வதில்லை, சுழன்றபடி வளர்கிறது என்பது அவர் கண்டது. சிலரில் மூட்டுத் தலை முன்சாய்ந்து வளரும். அவர்களுக்கு நாடி முன்னேறி, முகம் அகன்று சதுரமாகும். சிலரில் பின்சாய்ந்து வளரும். முகம் நீண்டு, நாடி கீழும் பின்னுமாக இறங்கும். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே பல்லமைப்பு இருக்க, ஒருவனுக்குச் சிகிச்சை இலகுவாக முடிவதும் மற்றவனுக்கு இழுபடுவதும் இதனால்தான்.

இப்போது இன்றைய பேச்சின் மையத்துக்கு வருகிறேன். இந்த வளர்ச்சியை நாம் கெடுக்க முடியுமா, காக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு உலகத்துக்குக் கிடைத்த மிகத் தெளிவான விடைகளில் ஒன்று இந்தத் தீவிலிருந்து போனது. பல்சீரமைப்புப் படிக்கிற மாணவர் உலகில் எங்கிருந்தாலும் இதைப் படிக்கிறார். இங்கே நம்மிடையே அதைத் தெரிந்தவர்கள் குறைவு.

ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் பிள்ளைகள் சொண்டு பிளந்தோ அண்ணம் பிளந்தோ பிறக்கிறார்கள். தாய் கிரகண நேரத்தில் வெளியே போனாள், கத்தி பிடித்தாள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கருவின் ஆரம்பக் கிழமைகளில் இரு பக்கமிருந்தும் வந்து சேர வேண்டிய இழையங்கள் சேராமல் நின்றுவிடுவதால் அது நேர்கிறது. அந்தத் தாய் எந்தப் பிழையும் செய்யவில்லை. இதைக் குடும்பத்துப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் வருவதற்கு அந்த ஒரு வார்த்தை பெரிய பலம்.

மேலை நாடுகளில் இப்பிள்ளைகளுக்குச் சொண்டையும் அண்ணத்தையும் சிசுப் பருவத்திலேயே தைத்துவிடுவார்கள். பிள்ளை வளர்ந்து வரும்போது அவர்களில் பலருக்கு முகத்தின் நடுப்பகுதி குழிந்துபோகும். மேல்தாடை பின்தங்கி, மேற்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே கடிக்கும். ஏன்? பிளவோடு பிறந்த தாடைக்கு இயல்பாகவே வளரும் வலு இல்லையா? அல்லது தைத்த இடத்துத் தழும்பு அதைப் பிடித்து இழுக்கிறதா? பல ஆண்டுகளாக வைத்தியர்கள் இதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே முடிவு காண வழி இருக்கவில்லை. சத்திரசிகிச்சை செய்யாமல் வளர்ந்து பெரியவரான ஒருவரை அங்கே தேடிப் பிடிப்பது கடினம்.

1980களில் லண்டன் கிரேட் ஓர்மன்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையின் பல்சீரமைப்பு நிபுணர் மைக்கேல் மார்ஸ் இலங்கைக்கு வந்தார். வறுமையாலும் தூரத்தாலும் பயத்தாலும் வைத்தியசாலைப் பக்கமே வராமல் பிளவோடு வளர்ந்து ஆளான பலரை அவர் இங்கே கண்டார். சத்திரசிகிச்சை நிபுணர்கள், பேச்சுச் சிகிச்சையாளர்கள் அடங்கிய குழுவோடு, நம் நாட்டு வைத்தியர்களையும் சேர்த்துக்கொண்டு அவர்களுக்குச் சிகிச்சை செய்யும் திட்டம் தொடங்கியது. கத்தி படுவதற்கு முன் ஒவ்வொருவரின் பல்வரிசையையும் அச்செடுத்தார்கள். பக்கவாட்டு எக்ஸ்றேயும் எடுத்தார்கள். 13 வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் பதிவுகளை மார்ஸும் பேராசிரியர் ஹூஸ்டனும் ஒப்பிட்டு 1990இல் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் எதுவுமே செய்யப்படாதவர்கள். ஒரு பக்கம் சொண்டு மட்டும் தைக்கப்பட்டவர்கள். இன்னொரு பக்கம் சிறுவயதிலேயே சொண்டும் அண்ணமும் தைக்கப்பட்டவர்கள்.

எதுவும் செய்யப்படாதவர்களின் மேல்தாடை முன்னோக்கி நன்றாகவே வளர்ந்திருந்தது. நடுவில் பிளவு இருந்தும் தாடை தன் அளவை எட்டியிருந்தது. சொண்டு மட்டும் தைக்கப்பட்டவர்களிலும் பெரிய குறை இல்லை. சிறுவயதில் அண்ணத்தையும் தைத்தவர்களிடம்தான் மேல்தாடை பின்தங்கியிருந்தது. அத்தாடைக்கு வளரத் தெரிந்திருந்தது. அண்ணத்து எலும்பை மூடிய சவ்வை உரித்துத் தைத்தபோது விழுந்த தழும்பு அதை வளரவிடாமல் பிடித்து வைத்தது.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் தைக்காமலே விட்டுவிடலாமே என்று நினைத்துவிடக் கூடாது. அதே திட்டத்தில் இருந்த பேச்சுச் சிகிச்சையாளர் டெபி செல், பேராசிரியர் பமெலா கிரன்வெல்லோடு சேர்ந்து மறுபக்கத்தை ஆராய்ந்தார். பதின்ம வயதில் அண்ணத்தைத் தைத்துக்கொண்டவர்களின் பேச்சு பெரிதாகத் திருந்தவில்லை. மொழி பழகுகிற வயதில் மூக்கால் காற்று ஒழுகினால், நாக்கு தொண்டையடியில் வேறு விதமாக ஒலிக்கப் பழகிவிடுகிறது. பிறகு அண்ணத்தை மூடினாலும் அந்தப் பழக்கம் போவதில்லை. தாடைக்காகக் காத்திருந்தால் பேச்சுப் போகிறது, பேச்சுக்காக அவசரப்பட்டால் தாடை தளர்கிறது. இன்று 3 முதல் 6 மாதத்துக்குள் சொண்டையும், பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் அண்ணத்தையும் தைக்கிறோம். தைக்கிறவர் எலும்பை எவ்வளவு குறைவாக வெறுமையாக்கலாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார். முரசெலும்பில் மிச்சமிருக்கும் பிளவுக்கு, வேட்டைப்பல் இறங்குவதற்கு முன் 8 முதல் 11 வயதுக்குள் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பை வைக்கிறோம். இந்தக் கால அட்டவணைக்குப் பின்னால் நம் ஊர்ப் பாமர மக்களின் முகங்கள் இருக்கின்றன. அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கோ ஒரு நாட்டில் ஒரு சிசுவின் அண்ணத்தைத் தைக்கிற கை கொஞ்சம் நிதானிக்கிறது என்றால் அதில் அவர்களுக்குப் பங்குண்டு. எனக்கு அது பெருமையும் துக்கமும் கலந்த விஷயம். அவர்களுக்கு உரிய வயதில் உதவி கிடைக்காததால்தான் உலகத்துக்கு இந்த அறிவு கிடைத்தது.

பிளவு இல்லாத பிள்ளைகளுக்கும் இதே பாடம் பொருந்தும். தாடை வளரத்தான் பார்க்கும். அதை எது தடுக்கிறது என்று கண்டுபிடிப்பதும், தடையை உரிய வயதில் நீக்குவதும்தான் எங்கள் வேலையில் பெரும்பகுதி.

சூப்பியும் விரலும் முதலில் வருகின்றன. இரண்டு மூன்று வயது வரை விரல் சூப்புவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நிறுத்தினால் முன்பல் இடைவெளி பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். நிலைப்பல் முளைக்கும் 6, 7 வயதிலும் தொடர்ந்தால்தான் மேல்தாடை ஒடுங்குகிறது. விரல் உள்ளே இருக்கையில் நாக்கு கீழே இறங்கிவிடுகிறது; கன்னத் தசை வெளியிலிருந்து அழுத்த, உள்ளிருந்து தாங்க ஒன்றும் இல்லை. வேப்பெண்ணெய் பூசுவதும் அடிப்பதும் பயன் தருவதாக நான் காணவில்லை. பிள்ளையோடு பேசி, நித்திரைக்குப் போகும் நேரத்தில் கைக்கு வேறு ஏதாவது பிடிக்கக் கொடுத்து, நிறுத்திய நாட்களைக் கலண்டரில் குறிக்கச் சொன்னால் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

மேல்தாடை ஒடுங்கினால் இன்னொன்று நடக்கும். பின்பற்கள் ஒழுங்காகப் பொருந்தாததால் பிள்ளை கீழ்த்தாடையை ஒரு பக்கம் நகர்த்திக் கடித்துப் பழகும். 8 வயதில் அது வெறும் பழக்கம். 16 வயதில் நாடி உண்மையிலேயே ஒரு பக்கம் கோணிய எலும்பு. அண்ணத்தின் நடுவில் முன்னும் பின்னுமாக ஓடுகிற பொருத்து சிறுவயதில் இறுகியிருக்காது. திருகு வைத்த தகடு ஒன்றை அண்ணத்தில் பொருத்தி, தாயே வீட்டில் சாவியால் சிறிது சிறிதாகத் திருப்பினால், சில கிழமைகளில் தாடையே விரிந்துகொடுக்கும். பதின்ம வயது கடந்தவர்களில் அந்தப் பொருத்து இறுகிக்கொண்டு போகிறது. பிறகு சத்திரசிகிச்சையின் உதவி தேவைப்படலாம்.

வாயால் மூச்சு விடுவது சிக்கலான விஷயம். “இவன் வாயைத் திறந்தபடிதான் நித்திரை, பீனிசம் எண்டு மருந்தும் எடுக்கிறம்” என்று சொல்லாத வீடு வெள்ளவத்தை மாடிவீடுகளில் குறைவு. சன் பிரான்சிஸ்கோவில் எகில் ஹார்வோல்ட் குரங்குக் குட்டிகளின் மூக்கை அடைத்துப் பார்த்தபோது தாடைகளின் வடிவம் மாறியது. சுவீடனில் லின்டர்-ஆரொன்சன், மூக்கின் பின்னே வளர்ந்த அடினொயிட் சதையை நீக்கிய பிள்ளைகளில் கீழ்த்தாடை முன்னோக்கி வளரும் போக்கு மேம்பட்டதைக் காட்டினார். அதற்காக முகம் நீண்ட பிள்ளை எல்லாம் மூக்கடைப்பால் அப்படியானது என்று சொல்லிவிட முடியாது; பலருக்கு அது பரம்பரை. என் நிலைப்பாடு இது: குறட்டை விட்டுக்கொண்டு நித்திரை கொள்கிற பிள்ளையை முகத்துக்காக இல்லாவிட்டாலும் நித்திரைக்காகவும் படிப்புக்காகவும் காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் காட்டத்தான் வேண்டும். தாடைக்கு அதனால் நன்மை வந்தால் வரட்டும்.

இங்கே பின்வரிசையில் இருக்கிற இளைஞர்களுக்கும் ஒரு சொல். நாக்கை அண்ணத்தில் அழுத்தி வைத்தால் தாடை கூர்மையாகும் என்றும், கடினமான சுவிங்கம் சப்பினால் நாடி முன்னே வரும் என்றும் டிக்டொக்கில் பார்க்கிறீர்கள். அதை நிரூபித்த ஒழுங்கான ஆய்வு எதுவும் இல்லை. 18 வயதில் சப்பிச் சப்பித் தாடை மூட்டில் நோவோடு வருகிறவர்களைத்தான் நான் பார்க்கிறேன்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டியது அடுத்தது. கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைக்கு நாங்கள் இரண்டு தட்டுக் கருவி ஒன்று கொடுக்கிறோம். ஸ்கொட்லாந்து வைத்தியர் வில்லியம் கிளார்க் 1977இல் உருவாக்கியது. மேலே ஒன்று, கீழே ஒன்று. சரிந்த முகங்கள் ஒன்றோடொன்று முட்டுவதால் வாய் மூடும்போதெல்லாம் கீழ்த்தாடை முன்னே வந்தே ஆக வேண்டும். சாப்பிடும்போதும் கழற்றக் கூடாது. இந்தக் கருவி தானாக எலும்பை உண்டாக்குவதில்லை. பிள்ளையின் சொந்த வளர்ச்சி வேகமெடுக்கிற வருடங்களில் போட்டால்தான் அதற்கு வேலை உண்டு. பெண்பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் 10 முதல் 12 வயதுக்குள், ஆண்பிள்ளைகளுக்கு 12 முதல் 14 வயதுக்குள்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? “சாமத்திய வீடு வருகுது, படம் எடுக்கோணும், அது முடியட்டும், பிறகு போடுவம்.” பிள்ளை பெரியவளாவது, உயரம் மிக வேகமாகக் கூடுகிற காலம் கடந்து ஏறத்தாழ ஒரு வருடத்தின் பின். சாமத்திய வீட்டு மேடையில் பிள்ளை இருக்கிற அன்றைக்கு, கீழ்த்தாடையின் மிக வேகமான வளர்ச்சி பெரும்பாலும் முடிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் கொஞ்சம் வளரும். ஆனால் நாங்கள் பயன்படுத்த விரும்புகிற வருடம் போய்விட்டது. சடங்கைச் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். கருவியைப் படம் எடுக்கிற நேரம் கழற்றி வைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். பிள்ளை பெரியவளான மாதத்தை நாங்கள் கேட்பதும் இதற்காகத்தான். தயவுசெய்து தயங்காமல் சொல்லுங்கள். அந்த விவரத்தோடு, பக்கவாட்டு எக்ஸ்றேயில் கழுத்து எலும்புகளின் கீழ்விளிம்பு எவ்வளவு குழிந்திருக்கிறது என்றும் பார்த்துத்தான் வளர்ச்சி எவ்வளவு மிச்சம் என்று முடிவு செய்கிறோம்.

இன்னும் முந்திப் போட்டால் இன்னும் நல்லதா என்றால், இல்லை. பிரித்தானியாவில் கெவின் ஓ’பிரையன் குழு 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு உடனே கருவி கொடுத்து, மற்றவர்களைக் காத்திருக்க வைத்துப் பார்த்தது. முந்திப் போட்டவர்களுக்குத் தன்னம்பிக்கை கூடியது. பதின்ம வயதில் எல்லாச் சிகிச்சையும் முடிந்த பிறகு இரு தரப்பு முகங்களிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் மேற்பல் மிக முன்னே நீட்டி நிற்கிற பிள்ளை விழுந்தால் பல் உடைகிறது. பள்ளியில் கேலிக்கும் ஆளாகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு மட்டும் முந்திப் போடுவதில் நியாயம் உண்டு. 7 வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் கருவி விற்கிறவர்களை நம்ப வேண்டாம்.

கீழ்த்தாடை முந்தி நிற்கிற பிள்ளைக்குக் கணக்கு நேர்மாறு. பருவ வளர்ச்சி இங்கே எதிராளி. 8 வயதில் முன்பற்கள் விளிம்போடு விளிம்பு முட்டி நின்ற பிள்ளை, 16 வயதில் கீழ்த்தாடை முழுவதும் முன்னே போய் நிற்கும். தந்தைக்கோ தாத்தாவுக்கோ அந்த நாடி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நெற்றியிலும் நாடியிலும் தாங்கிய முகச்சட்டம் ஒன்றிலிருந்து ரப்பர் வளையங்களால் மேல்தாடையை முன்னே இழுக்கிற சிகிச்சை, 10 வயதுக்கு முன் செய்தால்தான் நன்றாக வேலை செய்கிறது. பிரித்தானிய ஆய்வொன்று அப்படிச் செய்த பிள்ளைகளை 6 வருடம் கழித்துப் பார்த்தபோது, தாடைச் சத்திரசிகிச்சை தேவைப்படுவோர் 36 வீதம். செய்யாதவர்களில் 66 வீதம். ஆகவே மேற்பல் உள்ளேயும் கீழ்ப்பல் வெளியேயும் கடிக்கிற பிள்ளையை, பாற்பல் இருக்கிறதென்று பாராமல் 7, 8 வயதிலேயே காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. கொட்டாஞ்சேனையில் ஒரு பாட்டி தன் பேரனைக் கூட்டி வந்தார். 10 வயது. “தம்பி பாணைக் கடிக்கவே வாய் திறக்கிறானில்லை டொக்டர்.” வாயைத் திறக்கச் சொன்னேன். என் இரண்டு விரல் நுழையவில்லை. திறக்கும்போது நாடி இடப்பக்கம் இழுபட்டது. முகத்தின் இடப்பக்கம் குட்டையாக, வலப்பக்கம் தட்டையாக இருந்தது. நாடியின் அடியில் வெள்ளைக் கோடாக ஒரு தழும்பு. கேட்டபோதுதான் பாட்டிக்கு நினைவு வந்தது: மாடிப்படியில் விழுந்தான், மூன்று தையல் போட்டார்கள், காயம் ஆறியது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். நாடியில் விழுந்த அடி காதடியில் மூட்டுத் தலையை உடைத்திருந்தது. வாயை அசைக்காமலே வைத்திருந்ததால் அந்த மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போனது. வளர வேண்டிய இடமே பூட்டப்பட்டதால் அந்தப் பக்கத் தாடை நின்றுவிட்டது. சத்திரசிகிச்சையால் மூட்டை விடுவித்து, தினமும் வாய் திறக்கும் பயிற்சி செய்ய வைத்து, வளர்ந்து முடியும் வரை அவனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விழுந்த கிழமையே வந்திருந்தால் பெரும்பாலும் மிருதுவான சாப்பாடும் வாய்ப் பயிற்சியும் போதுமாயிருக்கும். சிறுபிள்ளைகளின் மூட்டுத் தலை உடைந்தாலும் அசைவு இருந்தால் தானே சீராகிவிடுகிற வல்லமை உள்ளது.

ஆகவே ஆசிரியர்களே, விளையாட்டு மைதானத்தில் நாடி அடிபட்ட பிள்ளைக்குத் தையலோடு வேலை முடிந்ததென்று எண்ண வேண்டாம். பல் ஒழுங்காகப் பொருந்துகிறதா, வாய் முன்புபோல் திறக்கிறதா, திறக்கும்போது நாடி ஒரு பக்கம் போகிறதா என்று அடுத்த சில கிழமைகள் பாருங்கள். சந்தேகமென்றால் வாட் பிளேஸ் தேசியப் பல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். முகமும் தாடையும் சார்ந்த சத்திரசிகிச்சை நிபுணர்கள் அங்கே இருக்கிறார்கள். சிகிச்சைக்குக் காசு இல்லை.

வளர்ச்சி முடிந்தவர்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. 1950களில் ஹூகோ ஓப்வெகேசர் கீழ்த்தாடையை இருபுறமும் நீளவாக்கில் பிளந்து முன்னும் பின்னும் நகர்த்தும் முறையைக் கொண்டுவந்த பிறகு, பெரியவர்களின் தாடையையும் சத்திரசிகிச்சையால் சரிசெய்கிறோம். ஆனால் அதற்கு வளர்ச்சி நின்றிருக்க வேண்டும். முன்னும் பின்னுமாக இரண்டு மூன்று வருடம் கம்பியும் வேண்டும்.

பிள்ளையை முதன்முதல் காட்ட நல்ல வயது 7 முதல் 9. பல் எல்லாம் விழுந்து முளைக்கத் தேவையில்லை. பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்திலேயே முதலில் காட்டலாம்; அங்குள்ள பல் சிகிச்சையாளர் பார்த்து எழுதித் தருவார். அரச வைத்தியசாலைகளில் முறை வரக் காலம் பிடிக்கும் என்பதால், கருவி 11 வயதில் தேவை என்றாலும் பெயரை முந்தியே பதிந்துகொள்ளுங்கள். வரும்போது பிள்ளையின் கிளினிக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். பிறகு பள்ளியிலோ வீட்டிலோ உயரம் அளந்த குறிப்புகள் இருந்தால் அவற்றையும் கொண்டு வாருங்கள். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தால், திகதியோடு அளந்து எழுதிக்கொண்டு வந்தாலும் போதும். தாய் தந்தையரின் பக்கவாட்டுப் படம் ஒன்று, அவர்கள் 15 வயதில் எடுத்தது கிடைத்தால் மிக நல்லது. பிள்ளையின் நாடி எந்தப் பக்கம் போகும் என்று அதிலிருந்து ஓரளவு ஊகிக்க முடியும். கேள்விகள் இருந்தால் இப்போது கேளுங்கள், பிள்ளைகளும் கேட்கலாம்.